இரண்டு முடிச்சுத் தாலி

பவளம்,

வெள்ளிக்கிழமை காலையில் உன் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டியவன் நான், உன்னைப் பெற்ற அப்பன். மாப்பிள்ளை கிடையாது, மேளம் கிடையாது, ஐயர் கிடையாது. பின்கட்டில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் உன்னை நிற்கவைத்துக் கட்டினேன். மறுநாள் ஜப்பான்காரர்கள் கடைக்கு வந்தார்கள். இவள் புருஷன் எங்கே என்று கேட்டார்கள். கயிறு வாங்க வந்திருந்த துரைராசு, நான்தான் என்று சொல்லிவிட்டான். இப்போது தெரு முழுக்க உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. வருகிற திங்கட்கிழமை அதை நிஜமாகவே நடத்திவிடலாம் என்று உன் அம்மா நாளும் பார்த்துவிட்டாள். நடந்தது இவ்வளவுதான். இத்தனையிலும் உன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நேரில் சொல்ல முயன்றேன். படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போனேன். சனிக்கிழமையிலிருந்து நீ என் முகத்தைப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் என் வாயில் வேறு பேச்சுத்தான் வருகிறது. மரவள்ளிக்கிழங்கு வெந்ததா, தண்ணீர் வந்ததா என்று கேட்டுவிட்டு இறங்கிவிடுகிறேன். பலகைச் சுவர் வீட்டில் உரக்கப் பேசவும் முடியாது. இந்த ஊரின் பெயரையே மாற்றியவர்கள் நம் பேச்சை என்னவாக மாற்றுவார்களோ, யாருக்குத் தெரியும். நான் பள்ளிக்கூடம் போய் எழுதப் படித்தவன் இல்லை. சாக்கின் மேல் தார் வைத்து ஊர்ப் பெயர் எழுதிப் பழகிய கை இது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். படித்துவிட்டு அடுப்பில் போட்டாலும் சரி, வைத்திருந்து ஒரு காலத்தில் உன்னைப் போன்ற பெண்களுக்குக் காட்டினாலும் சரி.

கட்டியதற்குக் காரணம் உனக்கு முழுதாகத் தெரியாது. வியாழக்கிழமை நம் சந்துக்குத் தலைவனாக வைத்திருக்கிறார்களே, அந்த ஆள் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "அண்ணே, உங்க வீட்டுல பொண்ணு ஒண்ணு இருக்குல்ல? சிப்பாய்ங்க விடுதியில வேலைக்கு ஆள் கேக்குறாங்க. அரிசி தர்றாங்க, சீனி தர்றாங்க" என்றான். என்ன வேலை என்று கேட்டேன். "அதெல்லாம் போனா அவங்க சொல்வாங்க லா" என்று சொல்லிவிட்டு மேலே தொங்கிய சணல் கயிற்றைப் பார்த்தான். என் கண்ணைப் பார்க்கவில்லை. போகும்போது வாசலில் நின்று, தனக்குத்தானே சொல்வது போல, "கல்யாணம் ஆனதுகள எடுக்கல. ஆகாததுகளத்தான் கேக்குறாங்க" என்றான். அவனும் இரண்டு பெண்களைப் பெற்றவன். நான் வியாபாரி, பவளம். வேலையின் பெயரைச் சொல்லாமல் கூலியை மட்டும் பெரிதாகச் சொல்கிறவனிடம் எதை விற்கக் கூடாது என்று எனக்குத் தெரியும்.

பக்கத்துத் தகரக் கடைச் சீனர் நினைவிருக்கிறதா? அவருடைய பிள்ளைகள் இருவரையும் விசாரிக்க வேண்டும் என்றுதான் லாரியில் ஏற்றினார்கள். அவர் இன்னமும் இரண்டு தட்டுகளைச் சேர்த்தே வைக்கிறார். அதை நினைத்தபடியேதான் மாடி ஏறி உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. நூலைத் திரித்து மஞ்சளில் நனைத்து, ஒரு கிழங்கு மஞ்சளைக் கோத்துவிட்டாள். ஆனால் கட்டமாட்டேன் என்றாள். "பெத்தவ கையால மகளுக்குத் தாலி கட்டுவாளா? விளங்குமா?" என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டில் நீயே வாங்கிப் பின்கழுத்துக்குக் கொண்டுபோனாய். உன் விரல்கள் முடிச்சைப் பிடிக்கவில்லை. குடு என்று நான் வாங்கினேன். ஒரு முடிச்சுப் போட்டேன், இரண்டு போட்டேன். மூன்றாவதற்கு நூலை வளைத்தபோது கை நின்றுவிட்டது. "ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அம்மா. "கயிறு விக்கிறவனுக்குத் தெரியாதா, ரெண்டு போதும், அவிழாது" என்றேன். முடிச்சு அவிழாது என்பது உண்மை. நான் நிறுத்தியது அதற்காக அல்ல. மூன்று முடிச்சுப் போட்டால் கல்யாணம். இரண்டோடு நிறுத்தினால், வெளியே தாலி, உள்ளே வெறும் கயிறு. ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டுத்தான் எந்த ஒப்பந்தமும் போடுவேன். அன்றைக்கும் அப்படித்தான் செய்ததாக நினைத்துக்கொண்டேன்.

உனக்கு எட்டு வயதிருக்கும்போது தஞ்சோங் பகாரில் நம் பழைய கடை. துறைமுகத்தில் பள்ளிக்கூடம் போல மணியடிக்கும். அடித்ததும் படகுக்காரர்கள் வருவார்கள். நீ சுருட்டி வைத்த தேங்காய்நார்க் கயிற்றின் மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பாய். ஒருநாள் பாக் சாலே வந்தார், மலாய்க்காரர், சரக்குத் தோணி வைத்திருப்பவர், இன்றைக்கும் எனக்குச் சிநேகிதர். "தவுக்கே, தாலி பெசார் அடா?" என்று கேட்டார். முதலாளி, பெரிய கயிறு இருக்கிறதா என்று அர்த்தம். நீ கயிற்றிலிருந்து உருண்டு விழுந்து சிரித்தாய். "அப்பா, இந்தத் தாத்தா பெரிய தாலி வேணுங்கறாரு!" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினாய். அவர் என்ன சிரிப்பு என்று கேட்டார். எங்கள் பாஷையில் தாலி என்றால் பெண்டாட்டி கழுத்தில் புருஷன் கட்டுவது என்று விளக்கினேன். அவர் யோசித்துவிட்டு, தமக்குத் தெரிந்த தமிழில், "சரியாத்தான் இருக்கு லா. தோணிக்கும் கரைக்கும் கட்டுறது. காத்து வந்தா ஓடிப்போவாதே" என்றார். அன்றிலிருந்து உனக்கு அந்தச் சொல்லின் மேல் ஒரு பைத்தியம். கடைக்கு யார் வந்தாலும், உங்க பாஷையில தாலின்னா என்ன என்று கேட்பாய். ஜாவாத் தோணிக்காரன் கால் ரூபாய்க் காசைக் காட்டி இது ஒரு தாலி என்றான்; முன்காலத்தில் ஓட்டைக் காசுகளைக் கயிற்றில் கோத்து எண்ணினார்களாம், அதனால் வந்த பெயராம். ஹை ஸ்திரீட் சிந்தி வியாபாரி சாப்பிடும் தட்டு என்றார், கை தட்டிக் காட்டி இதுவும் தாலி என்றார். அவர்கள் எழுத்தில் இரண்டும் வேறாம், நம் காதுக்கு ஒன்றுதான். தமிழ் வாத்தியாரிடம் கேட்டுவிட்டு வந்து, தால் என்றால் பனை, பனையோலையைச் சுருட்டிக் கோத்துக் கட்டியதால் தாலி ஆனது என்று சிலர் சொல்கிறார்களாம் என்றாய். மலாய்க்காரர்களின் கயிறும் நம் தாலியும் ஒரே வேர்தானா, தற்செயலா என்று அவருக்கும் தெரியவில்லையாம். எனக்கு எங்கே தெரியும்? கயிற்றுக்கு விலை தெரியும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை அந்தச் சொல் என் வாயிலிருந்து வெளியே வந்தபோது, இதெல்லாம் ஞாபகம் வரவில்லை. பயம் ஒன்றுதான் இருந்தது. நீ கீழே சோற்றுப் பாத்திரம் கொண்டுவந்திருந்தாய். துரைராசு தரையில் உட்கார்ந்து, வாங்கிய கயிற்றின் முனையைப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தான். தோணிகளுக்குப் பாய்மரக் கயிறு கட்டித் தருகிற ஆள் அவன். முனையைத் தானே பின்னிப் பார்க்காமல் எடுத்துப் போகமாட்டான். வாசலில் வெளிச்சம் மறைந்தது. சார்ஜன்ட் ஒருவன், பின்னால் மலாய் தெரிந்த மொழிபெயர்ப்பாளன். நாம் மூவரும் இடுப்பு வளையக் குனிந்தோம். குனிந்தபடி அவன் பூட்ஸை மட்டும் பார்த்தேன். அது உன் பக்கம் நகர்ந்தது. நிமிர்ந்தபோது அவன் வாளுறையின் நுனியால் உன் கழுத்துக் கயிற்றைத் தூக்கிப் பிடித்திருந்தான். மஞ்சள் கிழங்கு அந்த நுனியில் ஆடியது. "அபா இனி?" என்றான் மொழிபெயர்ப்பாளன், இது என்ன என்று. நான் "தாலி" என்றேன். அவன் சிரித்துவிட்டான். கயிறு என்று எனக்கும் தெரிகிறது கிழவா, எதற்கு என்று கேட்கிறேன் என்றான். நம் அம்மாக்கள் உயிராக நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற அந்தச் சொல், கடையில் தொங்குகிற மற்றச் சரக்கோடு சரக்காகப் போய்விட்டது. அவனுக்கு அதில் அச்சமும் இல்லை, மரியாதையும் இல்லை. நான் இரண்டு முடிச்சா மூன்றா என்று கணக்குப் பார்த்துக் கட்டியதெல்லாம் நமக்குள்தான் செல்லும் நாணயம் என்பது அந்த நொடியில் தெரிந்தது.

கல்யாணமானவள் என்று திக்கித்திக்கிச் சொன்னேன். "சுவாமி மானா?" என்றான். அவர்கள் பேச்சில் புருஷன் எங்கே என்று. புருஷனுக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும், அவன் ஊரில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்று வெள்ளிக்கிழமை எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை வருஷம் சரக்கு மாற்றியவன், கழுத்தைப் பற்றி யோசித்தேனே தவிர, கட்டியவனைப் பற்றி யோசிக்கவில்லை. நம் தெருவில் தாலியைப் பார்த்தால் புருஷன் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. அந்தப் பழக்கத்திலேயே இருந்துவிட்டேன். ஒரு பெயருக்காக, சாக்குகளின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் பார்த்தேன். தரையிலிருந்து "சாயா" என்று குரல் கேட்டது. நான் என்கிறான். துரைராசு எழுந்து, கையிலிருந்த கயிற்றைக் கீழே போடாமல், உன் பக்கத்தில் வந்து நின்று மறுபடி குனிந்தான். சார்ஜன்ட் உங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விரலை நீட்டி, "ஃபுதாரி" என்றான். நிப்பொங்கோ என்கிற ஜப்பான் பாஷை வகுப்பில் படித்ததை நீதான் முன்பு எனக்குச் சொன்னாய்: ஃபுதாரி என்றால் இரண்டு பேர், அந்தத் தாரி, ஆட்களை எண்ணும்போது எண்ணின் பின்னால் ஒட்டுகிற வால் என்று. சரக்கை எண்ணுவது போல உங்களை எண்ணிவிட்டு, கல்யாணச் சோறு எங்கே, அடுத்த முறை வரும்போது வேண்டும் என்று மொழிபெயர்ப்பாளனைச் சொல்லச் சொன்னான். போகும்போது மணிலாக் கயிற்றில் இரண்டு சுருள் எடுத்துக்கொண்டான். என் ஆயுளில் அதைவிட மலிவான விலையை நான் எதற்கும் கொடுத்ததில்லை.

அவர்கள் போன பிறகு நான் முதலில் கேட்டது நன்றாகத்தான் இல்லை. "ஏண்டா அப்படிச் சொன்ன?" என்று அதட்டினேன். "அங்க வேற யாரும் இல்ல முதலாளி" என்றான். இவள் மேல் கண் வைத்திருந்தாயா என்று கேட்டேன். "பாத்திருக்கேன். பேசினதில்ல" என்றான். தனி ஆள்களைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடிக்கிறார்களே, கடைக்காரன் மருமகன் என்றால் தப்பிக்கலாம் என்ற கணக்கும் உண்டா என்று கேட்டேன். விரலில் ஒட்டிய தாரைத் தேய்த்தான். "அதுவும் உண்டு. இல்லன்னு சொன்னா பொய். ஆனா அது, வார்த்தை வாயவிட்டு வெளிய வந்தப்புறம்தான் தோணுச்சு" என்றான். அந்தப் பதிலைக் கேட்ட பிறகுதான் அவனை ஏறிட்டுப் பார்த்தேன்.

அதற்குள் தெரு வந்துவிட்டது. வளையல்காரி, "சத்தமில்லாம முடிச்சிட்டீங்களே, ஒரு வாய் தண்ணிக்காச்சும் கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்று உன் அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். வெற்றிலைக்கடைக்காரர், "மருமகனே, இனிமே கடன் உங்க பேர்லயா, மாமனார் பேர்லயா?" என்று துரைராசுவைக் கேலி செய்தார். நாங்கள் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? அரிசி அட்டையிலும் அவன் பெயர் ஏறிவிட்டது. நேற்று மொழிபெயர்ப்பாளன் தனியாக வந்து, வெற்றிலைக்கடையில், அந்த மருமகன் இங்கேதான் படுக்கிறானா என்று விசாரித்துவிட்டுப் போனான். அதைக் கேட்டதும் உன் அம்மா ஐயரைப் பார்க்கப் போனாள். "யார் கட்டினா என்ன, கழுத்துல ஏறினது ஏறினதுதான். பாக்கி ஒரு முடிச்ச அந்தப் பையன் போடட்டும். நாளைக்கு இத அவுத்தா, புருஷன் செத்தவன்னு சொல்லும் இந்தத் தெரு. இல்லாட்டி அதவிடக் கேவலமா சொல்லும்" என்கிறாள். அவள் சொல்வது பொய்யில்லை. வழி திறந்து வைத்தேன் என்று நான் நினைத்த இடத்தில், நானே வெளியிலிருந்து தாழ் போட்டிருக்கிறேன். ஒரு வார்த்தை உன்னைக் கேட்டிருந்தால், நீயாவது புருஷன் பெயர் ஒன்றை யோசித்திருப்பாய். என்னைவிட உனக்குப் புத்தி அதிகம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவின் தங்கத் தாலியை அடகு வைத்துத்தான் நான் முதல் கயிறு வாங்கினேன். நீ அப்போது கைக்குழந்தை. மஞ்சள் கிழங்கோடு அவள் வருஷக் கணக்கில் நடமாடினாள். கோயிலுக்குப் போனால் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வாள். பாக் சாலே என்னை "தாலியக் குடுத்துத் தாலி வாங்கின தவுக்கே" என்று பத்து வருஷம் கிண்டல் செய்தார். நானும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அவளைக் கேட்கவில்லை. கழற்று என்றேன், கழற்றினாள். அது தொழிலானது, வீடானது, உன் படிப்பானது. அதனால் சரி என்று இத்தனை நாள் கணக்கை எழுதி முடித்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை உன் பின்கழுத்தில் என் விரல் பட்டபோதுதான், இரண்டாம் தடவையும் அதையே செய்கிறேன் என்று உறைத்தது.

நீ பிறந்தபோது உன் கழுத்தில் ஒரு சின்னக் கயிறு கட்டினோம். சங்கு, சக்கரம், வாள், வில், தண்டு என்று ஐந்து பொடி ஆயுதங்கள் கோத்தது. ஐம்படைத் தாலி என்று பெயர். பிள்ளையைப் பயம் அண்டாமல் இருக்கக் கட்டுவது. அதைக் கட்டுவது புருஷன் இல்லை, பெற்றவர்கள். அதுவும் தாலிதான், பவளம். கல்யாணத் தாலிக்கு முன்னாலேயே அந்தத் தாலி இருந்ததாக உன் வாத்தியார் சொன்னார் என்று நீயே ஒருமுறை சொன்னாய். ராத்திரியில் நீ வீறிட்டால் உன் அம்மா அதைத்தான் உன் கையில் பிடிக்கக் கொடுப்பாள். நான் வெள்ளிக்கிழமை கட்டியது அதுதான் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு ஆசை. ஆனால் ஐம்படைத் தாலியைக் கட்டும்போது உனக்கு விவரம் தெரியாது. இப்போது உனக்கு இருபத்திரண்டு வயது. விவரம் தெரிந்த பிள்ளைக்குக் கேட்டுத்தான் கட்ட வேண்டும்.

ஆகவே இப்போது கேட்கிறேன். திங்கட்கிழமை ஐயர் வருவார். வேண்டாம் என்றால் வாசலிலேயே திருப்பி அனுப்புவேன். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த வீட்டில் இருக்கவே பயமாக இருந்தால், கடலுக்கு அப்பால் ஒரு சின்னத் தீவில் தம் தங்கை வீடு இருக்கிறது, மகளைப் போல வைத்துக்கொள்வாள் என்று பாக் சாலே சொல்லியிருக்கிறார். கடல் தாண்டுவதும் பயம்தான். சோதனைப் படகு உண்டு. இங்கேயே இருந்து நாடகத்தை நடத்துவதும் பயம்தான். பயமில்லாத வழி எதுவும் என் கடையில் இல்லை. இருந்தால் எந்த விலைக்கும் வாங்கியிருப்பேன். வாசலில் சைக்கிள் நின்றாலே எழுந்து போய் எட்டிப் பார்க்கிறேன். நீ மாடியில் நடக்கும் சத்தம் கேட்கிறதா என்று நான் கீழே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கேட்டால்தான் அடுத்த வேலை ஓடுகிறது.

நேற்று சாயங்காலம் துரைராசுவை உட்காரவைத்து, இதற்கு உன் விலை என்ன என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்றான். "சும்மா கெடைக்கிற சரக்க நான் கெடங்குல ஏத்தினதே இல்ல. சொல்லுடா" என்றேன். இது மாட்டுத் தரகர் மாதிரி துண்டுக்கடியில் விரல் பிடித்து ரகசியமாகப் பேசுகிற விலையில்லை என்று அவனே வாய்விட்டுச் சொன்னான். பேசி முடித்தது இதுதான். சிப்பாய்கள் இந்த ஊரில் இருக்கிற வரைக்கும் வெளியாருக்கு அவன் உன் புருஷன். நம்மோடு சாப்பிடுவான், கீழே கயிற்றுச் சுருள் மேல் படுப்பான், மாடிப்படி ஏறமாட்டான். மூன்றாவது முடிச்சு நீ கேட்காமல் விழாது. நீ வேண்டாம் என்கிற அன்றைக்கு, என் கடைக் கத்தியால் அந்தக் கயிற்றை நான் அறுப்பேன். இதைக் கட்டியவன் அப்பன், இவளுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று நடுத்தெருவில் நின்று நானே சொல்வேன். அவன் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான். இதற்கெல்லாம் அவன் கேட்ட விலை ஒன்றுதான். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும், "உங்க மக வாயால என்கிட்ட சொல்லணும். நீங்க சொல்லக் கூடாது, அம்மா சொல்லக் கூடாது, எழுதியும் குடுக்கக் கூடாது." சரி என்று கையடித்துக் கொடுத்துவிட்டேன்.